வளையத்தை வெட்டிய கடல்

அத்தியாயம் ஐந்து

பொறாமையில் பல ரகம் உண்டு. அன்று காலை வாலுக்கு வந்தது காது சுடும் ரகம்.

வால் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. 'பூதக்கண்ணாடி' என்று ஊரே கொண்டாடும் துப்பறியும் பெண்மணியின் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பவன் என்பதால் போலீஸ்காரர்கள் சூட்டியது. வேலை நேரத்தில் அவன் அவளுக்கு உதவியாளன், மற்ற நேரத்தில் புருஷன். வேலை நேரத்தில் 'பாஸ்' என்று கூப்பிடுவான். அவளோ எந்த நேரமும் 'ஏங்க'தான். வெளியாட்கள் அவனை டிரைவர் என்று நினைத்துச் சாவியை நீட்டியதுண்டு.

இப்போது அவன் காது சுடக் காரணம், துறைமுகத்துப் பழைய கிடங்கில் ஜன்னலோரம் நின்றிருந்த சுருட்டை. சுருட்டை முடி, பாதி நரைத்தும் அழகு குறையாத முகம், கழுத்தில் கேமரா.

"மேடம், முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. இந்த வெளிச்சம் உங்களுக்குன்னே வந்திருக்கு" என்றார் சுருட்டை.

பூதக்கண்ணாடி திரும்பினாள். கேமரா கிளிக் என்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வால் எத்தனையோ முறை மொபைலைத் தூக்கியபோதெல்லாம் "சும்மா இருங்க" என்றவள், இன்று சொன்ன பக்கமெல்லாம் திரும்புகிறாள்!

"பாஸ், நாம படம் எடுத்துக்க வரல. படத்தைத் திருடினது யாருன்னு பார்க்க வந்தோம்" என்றான் வால்.

"அதைத்தாங்க பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள். அவள் பார்வை சுருட்டையின் முகத்தில் இருந்தது. வாலுக்கு அது இன்னும் சுட்டது.

வழக்கு இதுதான். பயணப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு போட்டி. பழைய கோட்டைகள், கலங்கரை விளக்கங்கள், கடற்கரைகள், இவைதான் பொருள். எடுத்தவர் பெயர் இல்லாமல் படத்தை அனுப்ப வேண்டும். முதல் பரிசுப் படத்துக்கு உரியவர் திறப்பு விழாவில் வந்து தன் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். விழா இன்று சாயங்காலம். கிடங்கின் நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு அந்தப் படம் தொங்கியது. அதன் கீழே ஒரு வெள்ளை அட்டை, இன்னும் பெயர் எழுதாமல்.

நேற்று அதைப் பார்த்துவிட்டு, "இது என் படம்! திருட்டுப் படம்!" என்று கத்தியவர் பெரியவர். ஆள் உயரம், தொந்தி அதைவிடக் கம்பீரம். கடலோரக் கோட்டைகளைப் பற்றி அவர் போட்ட புகைப்படப் புத்தகங்கள் பல வீட்டு வரவேற்பறைகளில் கிடக்கும். நெகட்டிவைத் திருடியது தன் பழைய சிநேகிதன் சுருட்டைதான் என்று அடித்துச் சொன்னார். பூதக்கண்ணாடியை அமர்த்தியதும் அவரே.

"விழா தொடங்கறதுக்குள்ள யாரோட படம்னு சொல்லிடுங்க மேடம்" என்றார் கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மாள், நகத்தைக் கடித்தபடி. "இல்லேன்னா கழட்டி உள்ளே வெச்சுடுவேன். எனக்கு இந்த ரகளை ஆகாது."

பூதக்கண்ணாடி சுருட்டையிடம் கேட்டாள். "நீங்க எடுத்ததா?"

"நான் எடுத்திருந்தா இந்நேரம் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருப்பேன் மேடம். நேத்து பார்த்ததிலேர்ந்து சோறு இறங்கல. வயிறு எரியுது."

"அவர் எடுத்திருப்பாரா?"

சுருட்டை படத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். "அப்படி இருந்துடக் கூடாதேன்னுதான் எரியுது" என்றார்.

வாலுக்கு முதல் தடவையாக அந்த ஆள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. படத்தின் முன்னால் போய் நின்றான். இடிந்த கடற்கோட்டையின் வளைவு வாசல். இடப்பக்கத் தூணில் படகு கட்டும் பழைய இரும்பு வளையம். வாசலுக்கு அப்பால் உடைந்த மதில், மதிலுக்கு மேலே விரிந்து கிடக்கும் காலைக் கடல், கடலுக்குள் பாறை மேல் ஒற்றைக் கலங்கரை விளக்கம். அவ்வளவுதான். ஆனால் பார்க்கப் பார்க்க அந்த வாசலுக்குள் நடந்து போய்விடலாம் போலிருந்தது. 'நம்ம மொபைலில் ஏன் ஒண்ணும் இப்படி வந்து தொலைக்க மாட்டேங்குது?' என்று அவனுக்கும் எரிந்தது.

"எப்ப எடுத்தீங்க?" என்று பெரியவரிடம் கேட்டாள் பூதக்கண்ணாடி.

"கல்யாணம் ஆன புதுசு. இந்த ஊருக்குத்தான் முதல் பயணம். இந்தச் சுருட்டையும் ஒட்டிக்கிட்டு வந்தான். விடிஞ்சதும் நான் மட்டும் கோட்டைக்குப் போனேன். இவ லாட்ஜ்ல தூங்கிட்டிருந்தா."

'இவ' என்று அவர் கைகாட்டிய இடத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். சின்ன உருவம். கேமராப் பை ஒன்று அந்தத் தோளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கணவர் சொன்னதற்கு ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. வாலின் கையிலும் மனைவியின் பைதான் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் பார்த்துக்கொள்வதுபோல.

"ஸ்டாண்டு போட்டு எடுத்தீங்களா?" என்றாள் பூதக்கண்ணாடி.

பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஸ்டாண்டா? கையில பிடிச்சு, கண்ணுல வெச்சு, நேரா நின்னு எடுப்பேன். குனியறது, ஏறறது, படுத்துக்கறது, இந்தக் கோமாளி வேலையெல்லாம் எங்கிட்ட கிடையாது. அது ஃபிலிம் கேமரா. ஒரே கிளிக்."

"தனியாத்தானே?"

"தன்னந்தனியா."

"போதும் சார்" என்றாள் அவள். படத்தை மொபைலில் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, கோட்டைக்குப் போலாம்."

"அங்க போய் என்ன பண்ண பாஸ்? கல்லு சாட்சி சொல்லுமா?"

"கடல் சொல்லும், வாங்க."

கோட்டை வாசலில் ஒரு காவலாளி வழி மறித்தார். அவருக்குப் பின்னால் எழுத்து மங்கிய பலகை ஒன்று. வால் கொண்டுவந்திருந்த மடக்கு ஸ்டூலை அவர் பிடுங்கி ஓரமாக வைத்தார்.

"கேமரா போலாம். ஸ்டாண்டு, ஸ்டூலு, ஏணி, கால் இருக்கற எதுவும் உள்ளே போகக் கூடாது."

"எனக்கே ரெண்டு கால் இருக்குங்களே" என்றான் வால்.

காவலாளி சிரிக்கவில்லை. "இந்த ரூல் எப்பலேர்ந்து?" என்று பூதக்கண்ணாடி கேட்டாள்.

"பலகையைப் பாருங்கம்மா, துருப்பிடிச்சுக் கிடக்கு. எங்கப்பா இந்த வேலையில இருந்தப்பவே இதான் ரூல். மதில்ல எவனோ ஏணியைச் சாத்திக் கல்லைப் பேத்துட்டான்னு போட்டது."

வளைவு வாசல் படத்தில் இருந்தபடியே இருந்தது. தரை வழவழவென்று சமமாகக் கிடந்தது. ஏறி நிற்க ஒரு கல்லோ திட்டோ இல்லை. பூதக்கண்ணாடி மொபைலில் இருந்த படத்தையும் வாசலையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வாலைச் சரியான இடத்தில் நிறுத்தினாள்.

"கடலும் வானமும் சேர்ற கோடு, தூண்ல எந்த இடத்தை வெட்டுது?"

வால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "வளையத்துக்குக் கீழே. ஒரு முழத்துக்கும் மேல இருக்கும்."

"படத்துல?"

"வளையத்துக்கு நடுவுல." அவன் தலையைச் சொறிந்தான். "கடல் இறங்கிடுச்சா பாஸ்?"

"கடல் எங்கேயும் போகல. உக்காருங்க. இப்ப?"

வால் குந்தினான். கோடும் அவனோடு சேர்ந்து இறங்கியது. எழுந்தான், கூடவே ஏறியது. நுனிக்காலில் எம்பினான், எம்பிய அளவு ஏறியது. அவனுக்கு விளையாட்டாக இருந்தது, இன்னும் இரண்டு தடவை குந்தி எழுந்தான்.

"அதுதாங்க விஷயம்" என்றாள் அவள். "அந்தக் கோடு எப்பவும் பார்க்கறவன் கண்ணு மட்டத்துலதான் நிக்கும். படத்துல தூணை எங்க வெட்டுதோ, தரையிலேர்ந்து அந்த உயரத்துலதான் கேமரா இருந்திருக்கு. பெரியவர் உங்களைவிட நாலு விரக்கடை உசரம். அவ்வளவுதானே? வளையம் எங்க இருக்கு பாருங்க."

வால் அண்ணாந்து பார்த்தான். வளையம் அவன் தலைக்கு மேல், கையைத் தூக்கினால்தான் தொடலாம் என்ற உயரத்தில் இருந்தது.

"கையைத் தூக்கி எடுத்திருக்கலாமே?"

"ஃபிலிம் கேமரா. கண்ணுல வெச்சுத்தான் எடுப்பேன்னு அவரே மார் தட்டினாரு. ஸ்டூலும் உள்ளே வராது. அப்ப அந்த உசரத்துக்கு ஒரு கண்ணு எப்படிப் போச்சு?"

வால் யோசிப்பதுபோல் தாடையைத் தடவினான். யோசனை ஒன்றும் வரவில்லை. அவளுக்கு மட்டும் எப்படி வருகிறது? ஒரே வீடு, ஒரே சாப்பாடு. இருந்தும் அவள் மூளை ஓடுகிற இடத்துக்கு அவன் மூளை மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவள் கிளம்பிவிடுகிறாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அதுவும் எரிச்சல்தான், நாள்பட்ட எரிச்சல்.

"ஏங்க, குனிங்க" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"தோள் வேணும்."

"பாஸ், பட்டப்பகல். நாலு பேர் பார்க்கறாங்க."

"பார்த்தா பார்க்கட்டும். புருஷன்தானே?"

சுற்றிப் பார்க்க வந்திருந்தவர்கள் கோட்டையை விட்டுவிட்டு இவர்களைப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். வால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். முழங்கால் இரண்டும் முறையிட்டன. தோளில் அவள், அவள் கண்ணில் மொபைல்.

"என்ன தெரியுது?" என்றான் கீழேயிருந்து.

மேலே கிளிக் சத்தம்தான் கேட்டது.

"பாஸ், என்ன தெரியுதுன்னு கேட்டேன்!"

"ஆடாதீங்க."

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் செருப்பும் வழவழத் தரையும்தான். மேலே அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதையோ பார்க்கிறாள். சுமப்பது இவன், காட்சி அவளுக்கு. அந்த நேரத்தில் வாலுக்கு வந்த பொறாமை சுருட்டை மேல் வந்ததைவிடப் பெரியது. ஆனால் யார் மேல் என்று கேட்டால் வெட்கமில்லாமல் சொல்ல முடியாது.

"இறக்குங்க" என்றாள் கடைசியில். மொபைலை அவனிடம் காட்டினாள். கோடு வளையத்தை நடுவில் வெட்டியிருந்தது. கீழே நின்று பார்த்தபோது மதிலோடு நூலாக ஒட்டிக்கிடந்த கடல், இதில் பாய் விரித்ததுபோல் விரிந்து, கலங்கரை விளக்கம் அதன் நடுவில் தனியாக நின்றது. படத்தின் அழகே அதுதான்.

"அப்ப ஒருத்தர் தோள்ல ஒருத்தர்!" என்றான் வால். "பெரியவர் தன்னந்தனியான்னு சொன்னது பச்சைப் பொய். ஆனா மேல யாரு, கீழ யாரு? கல்லுல எழுதியா வெச்சிருக்காங்க?"

"அதைக் கல்லு சொல்லாது. ஆளுதான் சொல்லணும்" என்றாள் அவள். திரும்பி வரும் வழியில் அவன் முகத்தை உற்றுப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள்.

கிடங்கில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூதக்கண்ணாடி எல்லோரையும் படத்தின் முன் நிறுத்தி, கோட்டையில் எடுத்த படங்களைக் காட்டி, கடல் சொன்ன சாட்சியைச் சுருக்கமாகச் சொன்னாள். பொறுப்பாளர் அம்மாள் நகம் கடிப்பதையே மறந்துவிட்டார்.

பெரியவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வளையமாம், கோடாம்! உனக்குப் போட்டோவைப் பத்தி என்னம்மா தெரியும்? நான் கூலி கொடுத்துக் கூப்பிட்டது இவனைப் பிடிக்க. என்னைக் குடையறதுக்கு இல்ல."

"தெரியும் சார். அவரைத்தான் பிடிச்சிருக்கேன்" என்றாள் பூதக்கண்ணாடி.

சுருட்டையின் முகம் வெளுத்தது. பெரியவர் முகம் மலர்ந்தது. வாலுக்கோ, காலையிலிருந்து வேண்டிக்கொண்டது பலித்ததுபோல் இருந்தது.

"மேல உக்காந்து எடுத்தது சின்ன உருவம். பெரியவர் இல்ல, சுருட்டையும் இல்ல. அந்தப் பயணத்துல வந்த மூணாவது ஆள்" என்றபடி அவள் பெரியவரின் மனைவியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சுருட்டையின் பக்கம் திரும்பினாள். "தூக்கினது நீங்கதானே? லாட்ஜ்ல தூங்கினது அவங்க இல்ல, அவங்க வீட்டுக்காரர். விடிஞ்சும் விடியாத நேரம். புருஷனுக்குத் தெரியாம ரெண்டு பேரும் கோட்டைக்குப் போனீங்க. புதுப்பொண்ணு ஆசையா கேட்டா, நீங்க தோள் கொடுத்தீங்க. கழுத்தைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு அவங்க..."

"ஏய்!"

கிடங்கே அதிர்ந்தது. பெரியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நாக்கை அறுத்துடுவேன்! அவன் நிழல்கூட அவ மேல பட்டதில்ல! இவன் தோள்ல ஏறுவாளா என் பொண்டாட்டி? அவ உக்காந்தது என் தோள்ல! என் தோள்ல உக்காந்துதான் அதை எடுத்தா!"

சொல்லி முடித்தபின்தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"அவ்வளவுதான் சார்" என்றாள் பூதக்கண்ணாடி. பெரியவரின் மனைவியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்கம்மா. உங்களைப் பத்திப் பேசக் கூடாததைப் பேசிட்டேன். வேற வழி தெரியல."

அந்த அம்மாள் பரவாயில்லை என்பதுபோல் கையை அழுத்தினார். சுருட்டை கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "மேடம், ஒரு நிமிஷம் என் உயிரே போயிடுச்சு."

வால் மனைவியின் காதருகே போனான். "பாஸ், அப்படிச் சொன்னா அவர் உளறுவாருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"காலையிலேர்ந்து உங்க மூஞ்சியைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் அவள். "சுருட்டை என்னைப் படமெடுத்தப்ப யாராவது உங்ககிட்ட எதைக் கேட்டிருந்தாலும் உளறியிருப்பீங்க."

வால் அவள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

பெரியவர் கிடைத்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபமெல்லாம் இறங்கிவிட்டிருந்தது. யாரையும் பார்க்காமல் படத்தைப் பார்த்துப் பேசினார்.

"நான் கீழே நின்னேன். என்ன தெரியுது, என்ன தெரியுதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். சொல்லல. ஃபிலிமைக் கழுவினதும் பார்த்தேன். அந்த ரோல்ல நான் எடுத்ததெல்லாம் வெறும் சுவரு. அது ஒண்ணுதான் படம்." அவர் படத்தை நோக்கிக் கையைக் காட்டினார். "எத்தனை தடவை திரும்ப இங்க வந்திருக்கேன் தெரியுமா? அதே வாசல், அதே வெளிச்சம். எனக்கு வரவே இல்ல. அவளுக்கு முதல் கிளிக்லயே வந்தது. எனக்குப் பொறுக்கல. அதுக்கப்புறம் இவ கையில நான் கேமராவையே கொடுக்கல."

"தெரியும்" என்றார் மனைவி. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "பையைக் கொடுத்தீங்க."

"நெகட்டிவ்?" என்றார் பெரியவர்.

"ஒளிச்சு வெச்சது நான்தான். நீங்க அதைக் கிழிச்சுடுவீங்கன்னு தோணிச்சு. இங்க பேரு இல்லாம அனுப்பலாம்னு சொன்னாங்க. அதான் அனுப்பினேன். பரிசு வந்தாலும் வந்து சொல்றதா இல்ல. சுவத்துல பார்த்தாப் போதும்னு இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமேடி."

"நேத்து என் முன்னாடியே நின்னுக்கிட்டு, என் படம்னு கத்தினீங்களே. இன்னிக்கு, இவ தூங்கிட்டிருந்தான்னு வேற சொன்னீங்க." அந்த அம்மாள் தோளிலிருந்த பையை இறக்கித் தரையில் வைத்தார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். பையில எப்பவும் ரெண்டு கேமரா இருக்கும். ஒண்ணு உங்க கையில. நீங்க டீ குடிக்கப் போவீங்க, காவலாளிகிட்ட அனுமதிக்குச் சண்டை போடப் போவீங்க, வெயில் தாங்காம நிழல்ல கண்ணசருவீங்க. இன்னொண்ணு என்கிட்டதானே இருக்கும்? ஊருக்குத் திரும்பினதும் எல்லா ரோலையும் ஒண்ணாத்தான் கழுவக் கொடுப்பீங்க. கொட்டிப் பரப்பி, புத்தகத்துக்கு நல்லதா பொறுக்கினது நீங்கதான். உங்க கண்ணுல குத்தம் சொல்ல மாட்டேன். சரியாத்தான் பொறுக்கினீங்க."

பெரியவர் எழுந்து, வாசலருகே விற்பனைக்கு அடுக்கியிருந்த தன் புத்தகங்களிடம் ஓட்டமும் நடையுமாகப் போனார். ஒன்றை எடுத்துப் புரட்டினார். அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். பக்கங்கள் கிழிந்துவிடுமோ என்று வாலுக்குப் பயமாக இருந்தது. சற்று முன்வரை பெரியவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது, இப்போது போய்த் தோளைத் தொடலாமா என்றிருந்தது.

"அட்டைப் படம்?" என்று அங்கிருந்தே கத்தினார் பெரியவர். "இந்த லைட் ஹவுஸ்? இதுக்குத்தானே எனக்கு மெடல் கொடுத்தாங்க. இது நான் எடுத்ததா, நீ எடுத்ததா?"

பொறுப்பாளர் அம்மாள் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டு, பெரியவரின் மனைவி நடுச்சுவரில் இருந்த வெள்ளை அட்டையில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.